பீங்கான் ஊரில் ஏன் கண்ணாடிக் கிளாஸ்? – ஆர்வெல் வகுத்த பப் இலக்கணமும் விருத்தாசலம் டீக்கடையும்

இங்கிலாந்துப் பப்புகளுக்கு இலக்கண நூல் என்று ஒன்று உண்டென்றால் அது ஒரு சின்னப் பத்திரிகைக் கட்டுரைதான். 1946 பிப்ரவரியில் லண்டன் ‘ஈவினிங் ஸ்டாண்டர்ட்’ இதழில் ஜார்ஜ் ஆர்வெல் எழுதியது. தலைப்பு ‘தி மூன் அண்டர் வாட்டர்’. தனக்குப் பிடித்த பப் ஒன்றைக் கணப்பு முதல் கோப்பை வரை வர்ணித்துக்கொண்டே போய், வாசகன் நாக்கில் நீர் ஊறி விலாசம் கேட்கும் நேரத்தில், அப்படி ஒரு கடையே கிடையாது என்று கையை விரித்துவிட்டார். நல்ல பப்புக்குப் பத்து லட்சணம். எட்டு தேறிய கடை ஒன்றைத் தெரியும். பத்தும் தேறியதைக் கண்டதில்லை என்பது அவர் வாக்குமூலம். பிற்காலத்தில் வெதர்ஸ்பூன் என்ற பப் கம்பெனி அந்தப் பெயரைத் தன் கடைகள் பலவற்றுக்குச் சூட்டிக்கொண்டது. பேர் வைத்ததால் லட்சணம் வந்ததா என்பது வேறு ஆராய்ச்சி.

ஆர்வெல் தேடிய இடம் தப்பு என்பது என் கருதுகோள். கடலூர் மாவட்டம் விருத்தாசலத்தில் தேடியிருக்க வேண்டும். மனிதர் பிறந்ததென்னவோ இந்தியாவில்தான்: 1903, பீகாரின் மோதிஹாரி. கைக்குழந்தையாகவே சீமைக்குத் தூக்கிப் போய்விட்டார்கள். மறுபடி 1922இல் கிழக்கே வந்தவர் பர்மாவில் போலீஸ் உத்தியோகம் பார்த்துவிட்டு 1927இல் திரும்பினார். மோதிஹாரிக்கும் மாந்தளைக்கும் நடுவே விருத்தாசலம் விட்டுப்போயிற்று. இந்த வட்டாரத்தைப் பற்றி உருப்படியாக எழுத இமையமும் கண்மணி குணசேகரனும் இருப்பதால், உருப்படாத பகுதியை நான் எடுத்துக்கொண்டேன்.

எடுத்த எடுப்பில் ஒரு தடை வரும். பப் என்றால் குடிக்கிற இடமாயிற்றே, டாஸ்மாக்கை அல்லவா ஒப்பிட வேண்டும்? மேலோட்டமான வாதம். டாஸ்மாக் என்பது 1983இல் தொடங்கி, 2003 முதல் சில்லறை விற்பனையையும் கையில் எடுத்துக்கொண்ட அரசு நிறுவனம். அங்கே வாடிக்கையாளரைப் பேர் சொல்லிக் கூப்பிடுவது உபசாரம் ஆகாது, காட்டிக்கொடுத்தல் ஆகும். சாக்கணாக் கடையும் பக்கத்து மரத்து நிழலுமாக இருந்த கள்ளுக்கடையைக் கிராமத்துப் பப்பின் பங்காளி என்று ஒப்புக்கொள்ளலாம். ஆனால் 1987 முதல் தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை. ஆக, ஆள் உட்காரவும், பேப்பர் படிக்கவும், ஊர்வம்பு அளக்கவும், எதையாவது வாயில் போட்டுக்கொள்ளவும் மிஞ்சியிருப்பது டீக்கடை ஒன்றே.

சோதனையைத் தொடங்குவோம். குளிர்காலத்தில் கணப்பு எரிய வேண்டும் என்கிறார் ஆர்வெல். இங்கே பாய்லர் எரிகிறது, அதுவும் அக்னி நட்சத்திரத்திலும் அணையாமல். கடையில் தபால்தலையும் ஆஸ்பிரினும் கிடைக்க வேண்டும் என்கிறார். இங்கே ஷாம்பு சரம், தலைவலி மாத்திரை, பீடி, வெற்றிலை பாக்கு, போன் ரீசார்ஜ் வரை தேறுகிறது. தபால்தலைக்குத்தான் இப்போது யாருக்கும் தேவையில்லை. பரிமாறுபவர்களுக்கு வருகிறவர்கள் பேர் தெரிந்திருக்க வேண்டும் என்பது அடுத்தது. நம் டீ மாஸ்டருக்குப் பேர் தெரியாது. அதைவிட ஆழமான ஒன்று தெரியும். “சக்கரை கம்மி வந்துட்டாரு பாரு, ஒண்ணு போடு” என்றால் அது இன்னார் என்று கடைக்கே விளங்கும். ஸ்ட்ராங், லைட், பால் மட்டும், சக்கரையில்லா ஸ்ட்ராங் என்று ஊரில் பாதிப்பேர் இந்த இரண்டாம் பெயரில்தான் புழங்குகிறார்கள். சக்கரையில்லாவாக மாறியவரின் ரத்தப் பரிசோதனை முடிவு அவர் வீட்டுக்குப் போவதற்கு முன் பெஞ்சுக்கு வந்துவிடுகிறது.

ரேடியோவோ பியானோவோ கூடாது, பேச்சுக் கேட்க வேண்டும் என்ற விதியில் நம் கடை தோற்கிறது. பாய்லருக்கு மேலே தொங்கும் பெட்டியில் இளையராஜா எப்போதும் உண்டு. ஆனால் பேச்சு அடிபடவில்லை. பாட்டை மீறிக் கத்திப் பேச இங்கே எல்லாருக்கும் பழக்கம் உண்டு. ஆக இதை அரை மதிப்பெண் என்று கொள்ளலாம்.

பெண்கள், பிள்ளைகள் விஷயம் கொஞ்சம் சங்கடமானது. ஆர்வெலின் கற்பனைப் பப்புக்குப் பின்னால் தோட்டம் உண்டு, குடும்பமே வரலாம். சாயங்கால பீரைப் பலர் பார்க்க வாங்க வெட்கப்படுகிறவர்களுக்கு ‘பாட்டில் அண்ட் ஜக்’ என்று தனி ஜன்னலும் உண்டு; ஜாடியை நீட்டினால் ஊற்றிக் கொடுப்பார்கள். விருத்தாசலத்தில் தோட்டம் இல்லை, ஜன்னல் மட்டும் இருக்கிறது. ஃப்ளாஸ்க்கோடும் தூக்கோடும் வந்து ஓரமாக நின்று வாங்கிப் போகிற பெண்கள் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து குடித்து எத்தனை முறை பார்த்திருக்கிறோம்? ‘பார்சல் டீ’ என்ற ஏற்பாட்டின் சமூகவியல், நூல் சுற்றிக் கட்டிய பாலிதீன் பையைவிடக் கனமானது.

இனி சாப்பாடு. அந்தப் பப்பில் ராச்சாப்பாடு கிடையாது என்பதை ஆர்வெல் தெளிவாகவே சொல்லிவிடுகிறார். கொறிக்க ஈரல் சாசேஜ் வைத்த ரொட்டி, சிப்பி, பாலாடைக்கட்டி, ஊறுகாய், சீமைச் சோம்பு போட்ட பிஸ்கட். மதியத்தில் மாடியில் மட்டும் வறுத்த இறைச்சியும் இரண்டு காய்களும் ஜாம் உருட்டிய புட்டிங்கும். நம் கடையில் மெதுவடை, மசால்வடை, போண்டா, வாழைக்காய் பஜ்ஜி, பன், வருக்கி, பொறை. தட்டுக்குப் பதில் செய்தித்தாள் துண்டு. எண்ணெயை உறிஞ்சுவதோடு சென்ற மாதத்துக் கொலைச் செய்தியையும் படிக்கக் கொடுக்கும் இந்தத் தட்டுக்கு ஈடான பாத்திரம் இங்கிலாந்தில் உண்டென்றால் அது பழைய காலத்து மீன்-வறுவல் பொட்டலம் ஒன்றே.

கிராமத்துப் பப்பின் சாப்பாட்டுப் பட்டியலில் சுற்றுலாக்காரர்கள் விழுந்து விழுந்து கேட்பது ‘பிளவ்மன்ஸ் லஞ்ச்’, அதாவது உழவன் மதியச் சாப்பாடு. ஒரு துண்டு ரொட்டி, ஒரு கட்டி செடார், பச்சை வெங்காயம், ஒரு கரண்டி ஊறுகாய். பார்த்தால் ஏதோ காளை பூட்டிய காலத்திலிருந்து வருவது போல இருக்கும். ரொட்டியும் பாலாடைக்கட்டியும் வெங்காயமும் உழுகிறவர்கள் உண்டதுதான், சந்தேகமில்லை. ஆனால் அதற்கு இப்படி ஒரு பேர் சூட்டிப் பப்புப் பலகையில் ஏற்றியது, போர்க்காலப் பங்கீடு முடிந்த கையோடு 1950களில் பாலாடைக்கட்டி விற்பனையைத் தூக்கிவிடக் கிளம்பிய ஒரு வியாபார அமைப்பு. 1960களில் பால் விற்பனை வாரியம் அதை நாடெங்கும் கொண்டுபோனது. விளம்பரக்காரர்கள் செய்த பாரம்பரியம். 1983இல் இந்தப் பெயரில் ஒரு சினிமாவே வந்தது; இயான் மெக்கீவன் திரைக்கதை. பொய்யாகப் புனைந்த பழமைக்கு ஒரு குறியீடாகத்தான் அந்தத் தலைப்பு.

இங்கேதான் ஆய்வு சூடு பிடிக்கிறது. விளம்பரம் எதுவும் இல்லாத உழவன் சாப்பாடு ஒன்று விருத்தாசலம் வட்டாரத்தில் நெடுங்காலமாக இருக்கிறது. ராத்திரி தண்ணீர் ஊற்றிவைத்த பழைய சோறு, கையால் நசுக்கிய சின்ன வெங்காயம், ஜாடியிலிருந்து எடுத்த மாங்காய் ஊறுகாய் ஒரு துண்டு. கம்பங்கூழாக இருந்தால் மோர்மிளகாய். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மாவுப்பொருள் ஒன்று, புளித்தது ஒன்று, பச்சை வெங்காயம், ஊறுகாய். அங்கே புளிப்பு பாலாடைக்கட்டியில். இங்கே சோற்றுத் தண்ணீரில். ஊறுகாய்க்கு இன்னும் நெருங்கிய உறவு உண்டு. மஞ்சளும் கடுகும் போட்டு இங்கிலாந்தில் செய்யும் ‘பிக்கலில்லி’யை, ஹன்னா கிளாஸ் என்ற அம்மையார் 1750களிலேயே தம் சமையல் புத்தகத்தில் இந்திய ஊறுகாய் என்று குறித்துவிட்டார். நம் மூதாட்டிகள் யாரும் ராயல்டி கேட்கவில்லை. அதே பப்புகளில் இன்று கறிக்கென்று தனி நாளே உண்டு, வெதர்ஸ்பூனில் வியாழக்கிழமை. கொடுத்ததைத் திருப்பி விலைக்கு வாங்கும் வழக்கம் நமக்கும் இருப்பதால் இதைப் பெரிதுபடுத்தவில்லை.

பீங்கான் ஊரான விருத்தாசலத்துக்கு இன்னொரு பீங்கான் ஊரைத்தான் ஒப்பிட வேண்டும் என்று கறாரான அறிஞர்கள் சொல்லக்கூடும். அப்படியானால் ஸ்டோக்-ஆன்-டிரென்ட். வெட்ஜ்வுட் 1759இல் தொழில் தொடங்கிய, ஸ்போட் மாட்டெலும்புச் சாம்பலைக் களிமண்ணில் கலந்து ‘போன் சைனா’ செய்த, அந்நாட்டின் குயவர் மாநகரம். அந்த ஊர்த் தொழிலாளி காலையில் தின்றது என்ன? ஓட்ஸ் மாவைக் கரைத்து, ஈஸ்ட்டில் பொங்கவைத்து, சூடான கல்லில் வட்டமாக ஊற்றி எடுத்த ‘ஓட்கேக்’. பேரில் கேக் இருந்தாலும் பார்வைக்கும் பிறப்புக்கும் அது தோசை. வீட்டு முன்ஜன்னல் வழியாகவே சுட்டு விற்பார்கள். அந்த வகையில் கடைசியாக இருந்த ஜன்னல் கடை 2012இல்தான் மூடியது. இந்தியாவுக்கு வந்த ஸ்டாஃபர்ட்ஷயர் சிப்பாய்கள் இங்கே எதையோ தின்று ருசி கண்டு ஊரில் போய்ச் செய்ததுதான் ஓட்கேக் என்று அங்கே ஒரு கதை உலவுகிறது. நம்பத் தகுந்ததாகத் தெரியவில்லை. மண்ணைச் சுடுகிற ஊரில் மாவையும் கல்லில் சுடுவார்கள் என்று நானே ஒரு விதி வகுத்துக்கொண்டேன். விதிக்கு இரண்டு உதாரணம் இருக்கிறது. பல சித்தாந்தங்களுக்கு அதுகூட இல்லை.

இவ்வளவும் முன்னுரை. ஆர்வெல் கட்டுரையின் உயிர்நிலை கோப்பையில் இருக்கிறது. அந்தப் பப்பில் கைப்பிடியில்லாத கண்ணாடிக் குவளையில் பீர் தரமாட்டார்கள். இளஞ்சிவப்புப் பீங்கான் குவளைகளும் வைத்திருப்பார்கள். பீங்கானில் குடித்தால் பீருக்கு ருசி கூடும் என்பது அவர் தீர்ப்பு. போதாதென்று அதற்கு முந்தின மாதம்தான், டீ போடுவதற்குப் பதினொரு விதி எழுதி, டீ ஊறவைக்கும் பாத்திரம் பீங்கானோ மண்ணோவாக இருக்க வேண்டும் என்று கட்டளையிட்டிருந்தார். அப்படியென்றால் உலகத்தில் எந்த ஊர் டீக்கடை இந்த விதியில் நூற்றுக்கு நூறு வாங்க வேண்டும்?

விருத்தாசலத்தைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பக்கத்தில் நெய்வேலி. பழுப்பு நிலக்கரிக்கு மேலே படிந்திருக்கும் மண்ணை வழித்தெடுக்கும்போது வெள்ளைக் களிமண்ணும் வருகிறது. விருத்தாசலத்தில் செராமிக் தொழிற்பேட்டை உண்டு. செராமிக் படிப்புக்கென்றே அரசுப் பயிலகம் உண்டு. பொம்மை செய்யும் பட்டறையில் பத்து நிமிடம் நின்றால் போதும். களிமண்ணைப் பால்போலக் கரைத்துப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சுக்குள் ஊற்றுவார்கள். அச்சு தண்ணீரைக் குடிக்கக் குடிக்க, உள்சுவரில் களிமண் தோல்போலப் படியும். தோல் தேவையான கனம் வந்ததும் மிச்சப் பாலைக் கவிழ்த்துவிட்டு, அச்சைப் பிரித்தால் உள்ளே கூடாக ஒரு பிள்ளையார் உட்கார்ந்திருப்பார். காயவைத்து, ஒட்டுத் தடத்தை ஈரப் பஞ்சால் துடைத்து, சூளைக்கு அனுப்பினால் ஆயிரம் டிகிரிக்கு மேல் வெந்து கல்லாகி வருவார். கார்த்திகை நெருங்கினால் அகல் விளக்கு, நவராத்திரி நெருங்கினால் பொம்மை, வருஷம் முழுக்க மின்சாரச் சாமான்.

இந்த ஊரில், கையெட்டும் தூரத்தில் சூளை எரியும் ஊரில், டீக்கடையில் கொடுக்கிறார்கள் கண்ணாடிக் கிளாஸ். மெஸ்ஸில் வாழை இலை, பரோட்டாக் கடையில் தட்டின்மேல் இலைத்துண்டு, வீட்டில் எவர்சில்வர். கடைக்குள் பீங்கானே இல்லையா என்றால் இருக்கிறது. தலையை நிமிர்த்திப் பார்க்க வேண்டும். மெயின் சுவிட்சுக்குப் பக்கத்தில் கரிப்பிடித்த பலகையில் வெள்ளையாக ஒரு ப்யூஸ் கட்டை. பரோட்டாக் கடையானால் கல்லாவுக்குக் கீழே ஓர் ஊறுகாய் ஜாடி. கைகழுவும் இடத்தில் ஒரு தொட்டி. பீங்கான் மின்சாரத்தைத் தாங்குகிறது, உப்பைத் தாங்குகிறது, எச்சில் தண்ணீரைத் தாங்குகிறது. வாயருகே மட்டும் வரவிடவில்லை.

ஏன்? வழக்கமான விடை ஆசாரம். பித்தளையைப் புளிபோட்டுத் தேய்த்தால் சுத்தம், இலையைத் தின்றதும் எறிந்தால் சுத்தம், எச்சில் பட்ட மண்பாண்டத்துக்கோ கழுவாய் கிடையாது என்பது பழைய வீடுகளின் சட்டம். பீங்கானையும் மண்பாண்டக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். போன் சைனாவில் மாட்டெலும்பு என்று தெரிந்திருந்தால் வாசற்படிகூடத் தாண்டவிட்டிருக்க மாட்டார்கள். ஊறுகாய் ஜாடிக்கு மட்டும் விலக்கு கிடைத்ததற்கு உப்பும் புளிப்பும் பித்தளையை அரித்துப் பச்சை பூக்கவைக்கும் என்ற இரசாயனம்தான் காரணம். ஆசாரம் இரசாயனத்திடம் தோற்ற இடங்களில் இதுவும் ஒன்று.

ஆனால் ஆசாரத்தைக் காட்டி டீக்கடையை விளக்க முடியாது. ஊரார் எச்சிலும் ஒரே வாளித் தண்ணீரில் கழுவப்படும் இடம் அது. சொல்லப்போனால் எல்லார் எச்சிலும் ஒரே வாளிக்குப் போகவும் இல்லை. கிளாஸின் வரலாற்றில் சிரிக்க முடியாத பகுதி இது. தமிழ்நாட்டின் எத்தனையோ கிராமத்து டீக்கடைகளில் தலித்துகளுக்குத் தனிக் கிளாஸ். குடித்தவரே கழுவிக் கவிழ்க்க வேண்டும். சில இடங்களில் கொட்டாங்குச்சி. தீண்டாமையைக் குற்றமாக்கி 1955இல் சட்டம் வந்த பிறகும், 1989இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்த பிறகும் இரட்டைக் குவளை வழக்குகள் வந்துகொண்டுதான் இருந்தன. இங்கிலாந்துப் பப்பிலும் உழைப்பாளிகளுக்கு ‘பப்ளிக் பார்’, கனவான்களுக்கு ‘சலூன் பார்’ என்று நடுவே சுவர் இருந்தது. கூடுதலாகச் சில பென்னி கொடுத்தால் அந்தச் சுவரைத் தாண்டலாம். இங்கே அந்தச் சுவருக்கு விலைப்பட்டியல் கிடையாது. பேப்பர் கப் வந்ததும், குடித்தவர் யாரானாலும் கப் குப்பைக்கு என்று ஆகி, கடைக்காரர் யாருக்கும் பதில் சொல்ல வேண்டாமல் தப்பித்துக்கொண்டார். 2019 தொடக்கத்தில் பிளாஸ்டிக் பூச்சுள்ள பேப்பர் கப்பையும் அரசு தடைப்பட்டியலில் சேர்த்தது. அந்தச் செய்தியைப் பேப்பர் கப்பில் டீ குடித்துக்கொண்டே படித்தவர்கள் பலர்.

பீங்கான் ஏன் தோற்றது என்ற கேள்விக்கு விடை கடைசியில் ஒரு டீ மாஸ்டரிடம் கிடைத்தது. “ஏண்ணே, இந்த ஊர்லயே கப் செய்யறாங்க, அதுல குடுத்தா என்ன?” என்றேன். அவர் ஆற்றுவதை நிறுத்தவில்லை. “கலர் தெரியாது தம்பி. கலர் தெரியலன்னா டீயே இல்லம்பான்.”

அந்த ஒரு வாக்கியத்துக்குமுன் நூலகங்கள் நிற்காது. கிளாஸில் பால் விழுகிறது, மேலே டிகாஷன் விழுகிறது, பழுப்பு நூல்நூலாக இறங்குகிறது. வாடிக்கையாளர் கண்ணை எடுப்பதில்லை. வாங்கி வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்துவிட்டு, “மாஸ்டர், இன்னும் ரெண்டு சொட்டு டிகாஷன்” என்கிறார். பீங்கானில் இந்த விசாரணை நடக்காது. கொடுக்கிறவனை நம்புகிற ஊரில்தான் பீங்கான் கோப்பை பிழைக்கும்.

இங்கிலாந்துக் கதையும் இதேதான். பப்புகளில் முன்பு தகரமும் ஈயமும் கலந்த குவளையும் சுடுமண் குவளையும் புழங்கின. உள்ளே பீர் கலங்கலா தெளிவா என்று யாருக்கும் தெரியாது. 1845இல் கண்ணாடிமீதிருந்த வரியை எடுத்தார்கள், கண்ணாடி மலிந்தது. அதே நூற்றாண்டில் பர்ட்டன் ஊரின் தெளிந்த வெளிறிய பீர், இந்தியாவுக்குக் கப்பலேறிப் பேர்வாங்கிய அதே பீர், நாகரிகமாயிற்று. தெளிவைக் காட்டக் கண்ணாடி வேண்டியிருந்தது. காட்டத் தொடங்கியதும் கேட்கத் தொடங்கினார்கள். ஆர்வெல் பீங்கானுக்கு ஏங்கிய 1946இல் அது ஏற்கெனவே தோற்றுப்போன கட்சி. (பிபிசி உணவகத்தில் அவர் டீயைச் சாசரில் ஊற்றி உறிஞ்சிக் குடித்ததை உடன் வேலை பார்த்தவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். இந்த ஒரு செயலுக்காகவே அவருக்கு நம் பெஞ்சில் ஓரிடம் ஒதுக்கலாம்.)

மொத்த மதிப்பெண் போட வேண்டிய நேரம். தாராளமாகப் போட்டால் பத்துக்கு ஆறரை வருகிறது. விருத்தகிரீஸ்வரர் கோயிலில் கோபுரம் ஐந்து, கொடிமரம் ஐந்து, தீர்த்தம் ஐந்து, தேர் ஐந்து என்று எல்லாம் ஐந்தாகவே இருப்பதால், இந்த ஊர்க் கணக்குப்படி ஐந்துக்கு மேல் வாங்கியது எல்லாம் உபரி.

தீராமல் நிற்பது நுரை ஒன்றுதான். பப்பில் பைண்ட் என்றால் 568 மில்லி. குவளையில் அரசு முத்திரை இருக்கும். அப்படியும் மேலே நிற்கும் நுரை பீரில் சேர்த்தியா இல்லையா என்று பல வருஷச் சண்டை. 1971இல் தொடங்கிய பீர் குடிப்போர் சங்கம் முழு பைண்டுக்கு இயக்கமே நடத்திப் பார்த்தது. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்காவது பீர் இருந்தால் சரி என்று வியாபாரிகள் தரப்பில் ஒரு வரம்பு வைத்துக்கொண்டார்கள். நம் கிளாஸிலோ முத்திரையில்லை. அடியில் கனத்த கண்ணாடி, மேலே ஒரு கை உயரத்திலிருந்து ஆற்றி எழுப்பிய நுரை. நடுவில் இருப்பது டீ. அடிக்கண்ணாடியையும் நுரையையும் கழித்தால் என்ன மிஞ்சும் என்று அளக்க எந்த அதிகாரியும் வருவதாகத் தெரியவில்லை. நல்லவேளையாக ஊரை ஒட்டிய மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் இருக்கிறார். வேறெங்கும் நியாயம் கிடைக்காத வழக்குகளை வெள்ளைத் தாளில் பிராதாக எழுதி அவர் கோயிலில் கட்டிவிட்டு வருவது இங்கே நெடுநாள் வழக்கம். காரியம் முடிந்தால் பிராதை வாபஸ் வாங்கவும் முறை இருக்கிறது. நுரை குறித்த என் மனு தயார். எதிர்மனுதாரர் பெயர் எழுத வேண்டிய இடத்தில் மட்டும் தயக்கம், ஏனென்றால் மாஸ்டரிடம் எனக்குப் பாக்கி இருக்கிறது.